ஒட்டுண்ணியியல் வகுப்பில் ஓர் இடம் காலி

1

இந்த வாரம் மகளிடமிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. அதில் அவள் சொன்னதை எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அதற்கு முன்னால் அமெரிக்காவில் ஒருவர் டாக்டராவது எப்படி என்பதைச் சொல்லியாக வேண்டும். அது சரியாகப் புரியாமல்தான் எங்கள் குடும்பம் மொத்தமும் இந்தக் கோடையில் ஓர் ஆட்டம் ஆடி முடித்தது. முன்வரிசையில் நின்று ஆடியவன் நான்.

நம் ஊரில் பத்தாவது தேர்வு முடிந்த கையோடு "இன்னா குரூப்பு?" என்று கேட்பார்கள். பயாலஜி இருக்கிற குரூப் என்றால் டாக்டர் கனவு. இல்லையென்றால் இன்ஜினியர். இரண்டும் இல்லையென்றால் வீட்டில் ஒரு பெருமூச்சு. பதினைந்து வயதில் எடுத்த முடிவோடு ஆயுசு முழுக்க ஓட வேண்டியதுதான். இங்கே அப்படி இல்லை. பள்ளி முடித்ததும் யாரும் நேராக மருத்துவம் படிக்கப் போவதில்லை. முதலில் நான்கு வருடம் ஏதோ ஒரு பட்டம். அதற்குள் வேதியியல், இயற்பியல், உயிர்வேதியியல் என்று மருத்துவக் கல்லூரிகள் கேட்கிற பாடங்களை முடித்துவிட வேண்டும். மூன்றாம் ஆண்டில் மேல்நிலை அறிவியல் பாடங்கள் வரும். உடலியங்கியலா, மரபியலா, நோயெதிர்ப்பியலா என்று மாணவர்களே பார்த்து எடுத்துக்கொள்ளலாம். பிறகு எம்கேட் என்கிற நுழைவுத் தேர்வு, விண்ணப்பம், நேர்காணல். இத்தனையும் தாண்டி இடம் கிடைத்தால்தான் மருத்துவக் கல்லூரியின் முதல் நாள்.

என் மகள் இலக்கியா இந்த வழியில் பாதித் தூரம் வந்திருக்கிறாள். நாங்கள் இருக்கும் ஒஹாயோ மாநிலத்திலேயே ஒரு பல்கலைக்கழகத்தில் உயிரியல் படிக்கிறாள், இப்போது மூன்றாம் ஆண்டு. அங்கே எல்லோருக்கும் அவள் 'லக்கி'. முழுப்பெயர் சொல்லிக் கூப்பிடுவது நானும் என் மனைவி கோமதியும் மட்டும்தான். டாக்டராக வேண்டும் என்பது அவளுடைய சொந்த ஆசை, நான் திணித்ததில்லை. இதை ஊரில் யாரும் நம்பப் போவதில்லை என்று எனக்குத் தெரியும்.

திணிக்கவில்லையே தவிர, திட்டம் போட்டேன். குளிர்சாதனப் பெட்டி செய்யும் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாடு பார்க்கிறவன் நான், கணினியில் கட்டம் கட்டமாக அட்டவணை போடாமல் எனக்கு எதுவும் ஓடாது. மூன்றாம் ஆண்டின் முதல் பருவத்திலேயே இயற்பியல், உயிர்வேதியியல், உடலியங்கியல், மரபியல் நான்கையும் அடுக்கினேன். கஷ்டமான பாடமாக எடுத்தால்தான் மதிப்பு, ஒன்றில் குறைந்தாலும் இன்னொன்றில் கட்-ஆஃப் ஏறிவிடும் என்பது என் கணக்கு. அப்படி ஒரு கட்-ஆஃப் இங்கே கிடையாது என்றும், ஒருமுறை வாங்கிய குறைந்த கிரேடு கடைசிவரை கூடவே வரும் என்றும் இலக்கியா எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தாள். "நீ சும்மா இரு, நான் பாக்காத பரீட்சையா" என்றேன்.

போன பருவத்தில் கரிம வேதியியலில் என்ன கிரேடு வந்தது என்று கேட்டால் பேச்சை மாற்றினாள். எனக்குப் பொறுக்கவில்லை. பல்கலைக்கழக அலுவலகத்துக்கு நானே போன் போட்டேன்.

"உங்கள் மகளுக்குப் பதினெட்டு வயது முடிந்துவிட்டதா?" என்றாள் அந்தப் பக்கம் இருந்த பெண்.

"முடிந்துவிட்டது."

"அப்படியானால் அவர் சம்மதம் இல்லாமல் நாங்கள் எதையும் சொல்ல முடியாது."

"நான் அவள் அப்பா."

"வாழ்த்துகள்" என்று சொல்லிவிட்டு அவள் போனை வைத்துவிட்டாள்.

கோமதி அன்றைக்குச் சிரித்த சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

ஒரு வாரம் கழித்து, காரில் கடைக்குப் போகும்போது, இலக்கியாவே சொன்னாள். கரிம வேதியியலில் பி மைனஸ். அதைக்கூட விழுங்கிக்கொண்டேன். அடுத்து அவள் சொன்னதுதான் தொண்டையில் நின்றது.

"அப்பா, நான் பிசிக்ஸை அடுத்த வருஷத்துக்குத் தள்ளிடலாம்னு இருக்கேன். அப்ப எம்கேட்டும் தள்ளிப் போகும். ஒரு வருஷம் லேட்டா அப்ளை பண்றேன்."

"அப்ப நீ ரிப்பீட்டரா?" என்றேன்.

அவளுக்கு அந்தச் சொல் தெரியாது. உங்களுக்குத் தெரியும். நீட்டில் முதல் தடவை இடம் கிடைக்காமல், ஒரு வருடம் கோச்சிங் சென்டரில் அடைபட்டு மறுபடி எழுதுகிற பிள்ளைகள். கல்யாணம், காரியம் எதற்குப் போனாலும் "இந்த வருசமாச்சும் வந்துடுமா?" என்று யாராவது கேட்பார்கள். பெற்றவர்கள் அந்த ஒரு வருடம் பந்தியில்கூடத் தலையைக் குனிந்துதான் சாப்பிடுவார்கள். அது எனக்கு நடந்துவிட்டது என்றே நினைத்தேன்.

"இது கேப் இயர் பா. என் கிளாஸ்ல நிறைய பேர் எடுக்கிறாங்க. ஒழுங்கா படிக்க டைம் வேணும்."

"சரி, பிசிக்ஸுக்குப் பதிலா எதை எடுக்கப் போற?"

"பாரசைட்டாலஜி. அந்த லேபும் பிசிக்ஸ் லேபும் ஒரே நேரத்துல வருது. ஒண்ணுதான் எடுக்க முடியும்."

ஒட்டுண்ணியியல். குடலில் இருக்கும் பூச்சி, கொசு கொண்டுவரும் புழு, உண்ணி, பேன். "பேனைப் படிச்சு டாக்டராவப் போறியா?" என்று கத்தினேன். எதற்காக அந்தப் பாடம் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்கு ஒரே ஒரு ஆறுதல் இருந்தது. அந்த வகுப்பு நிரம்பிவிட்டது, இவள் காத்திருப்போர் பட்டியலில்தான் இருந்தாள். வெயிட்டிங் லிஸ்டில் டிக்கெட் வாங்கி அது கடைசிவரை கன்ஃபர்ம் ஆகாமல் நின்றுகொண்டே ஊருக்குப் போனவன் நான். அதனால் நிம்மதியாக இருந்தேன்.

2

ஆடி மாதம் என் அக்காவின் பேரனுக்குக் காதுகுத்து. கோமதிக்கு விடுப்பு கிடைக்கவில்லை. நானும் இலக்கியாவும் மட்டும் கிளம்பினோம். விமானத்தில் அவளும் நானும் பேசிக்கொண்டது சாப்பாட்டுத் தட்டை நகர்த்து என்கிற அளவில்தான்.

எங்களுக்குச் சொந்த ஊர் பாண்டிச்சேரிப் பக்கம் செலியமேடு. அக்கா அஞ்சலாட்சியைக் கிருமாம்பாக்கத்தில் கட்டிக் கொடுத்தோம். அத்தான் காலமாகிவிட்டார். நிலத்தில் நெல்லும் கரும்பும் போட்டுப் பார்த்துக்கொள்வது அக்காவின் மகன் கதிர். காதுகுத்து அவன் பையனுக்குத்தான். சென்னையிலிருந்து கார் வைத்துக் கூட்டிவந்தவனும் அவன்தான். வழியெல்லாம் தனக்குள்ளேயே சிரித்துக்கொண்டு வந்தான். கடலூர் சாலையிலிருந்து தெருவுக்குத் திரும்புகிற முனையில் வண்டியை நிறுத்தியபோதுதான் காரணம் தெரிந்தது.

ஆளுயரத்துக்கு இரண்டு மடங்கு பேனர். குழந்தையின் படம் ஒரு மூலையில் சின்னதாக இருந்தது. நடுவில் என் மகள். பள்ளி முடித்த விழாவில் எடுத்த படத்திலிருந்து தலையை மட்டும் வெட்டி, வெள்ளைக் கோட்டும் ஸ்டெதஸ்கோப்பும் மாட்டிவிட்டிருந்தார்கள். பின்னால் ஒரு விமானம் ஏறிக்கொண்டிருந்தது. 'அமெரிக்கா வியக்கும் எங்கள் குலவிளக்கே, டாக்டர் இலக்கியா அவர்களே, வருக வருக.' கீழே கறுப்புக் கண்ணாடி போட்ட கதிரின் நண்பர்கள் வரிசையாக நின்றார்கள்.

"எப்பிடி கீது மாமா? கோட்டு என் ஐடியா" என்றான் கதிர்.

இலக்கியா வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் தமிழ் கற்றவள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். 'டாக்டர்' என்ற இடத்துக்கு வந்ததும் அவள் முகம் மாறியது.

"அப்பா, இது பொய்."

"ஆகப் போறதைத்தானே போட்டிருக்கான்."

"நான் இன்னும் அப்ளைகூட பண்ணல. நான் டாக்டர்னு சொல்லிக்கிட்டா என்னை யார் சேர்ப்பாங்க? ப்ளீஸ், எடுக்கச் சொல்லுங்க."

கதிருக்கு முகத்தில் ஈயாடவில்லை. "நம்ம வூட்டு விசேஷத்துல நம்ம புள்ளைய நாம போடாம வேற யாரு போடுவா?" என்றான். எனக்கோ உள்ளுக்குள் குளிர்ந்துபோயிருந்தது. அவள் பார்க்காத நேரம் அதைப் படம் பிடித்துக் கோமதிக்கு அனுப்பினேன். ஒஹாயோவில் எங்கள் தமிழ்ச் சங்கத்து வாட்ஸப் குழுவிலும் போடலாமா என்று விரல் துடித்தது. கோமதியின் பதில் உடனே வந்தது: 'அதை முதலில் கழற்றுங்கள்.'

மறுநாள் காலையில் கழற்றலாம் என்று கதிர் ஒத்துக்கொண்டான். ஆனால் அந்த ஒரு சாயங்காலம் போதுமானதாக இருந்தது. கடலூர் போகிற, பாண்டி போகிற பேருந்துகள் எல்லாம் அந்த முனையில்தான் நின்று போகின்றன.

3

காலையில் எழுந்து வந்தால் வாசலில் ஏழெட்டு ஜோடி செருப்பு. துணிக்கடைப் பைகளில் எக்ஸ்ரே, ஸ்கேன், மாத்திரை அட்டை என்று ஆளுக்கு ஒரு மூட்டை. மணப்பட்டிலிருந்து அக்காவுக்கு மீன் கொண்டுவரும் அம்மாள், கூடையை இறக்கி வைத்துவிட்டு முழங்காலைக் காட்டத் தயாராக உட்கார்ந்திருந்தாள். ஒரு பெரியவர் என்னைப் பார்த்து, "பிரான்சுல எந்த ஊரு?" என்றார். அமெரிக்கா என்றேன். எங்கள் பக்கத்தில் வெளிநாடு என்றால் பிரான்சுதான், அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

இலக்கியா எல்லோரையும் கையெடுத்துக் கும்பிட்டாள். பிறகு தமிழ்ப் பள்ளித் தமிழில் சொன்னாள்.

"நான் மருத்துவர் இல்லை. மருத்துவ மாணவியும் இல்லை. மருத்துவக் கல்லூரியில் சேர்வதற்காகப் படித்துக்கொண்டிருக்கிறேன்."

"நியூஸ் வாசிக்கிற மாரியே பேசுதுப்பா" என்றாள் மீன்காரம்மா, மெச்சுதலாக. பெரியவருக்கு விஷயம் வேறாகப் பட்டது. என் பக்கம் குனிந்து, "அப்ப இன்னும் சீட்டே கெடைக்கலியா?" என்றார்.

எனக்கு அசடு வழிந்தது. அவளுக்கு வழியவில்லை. "இன்னும் இல்லை தாத்தா. கிடைக்காமலும் போகலாம்" என்று சிரித்தாள். அதற்கும் யாரும் எழுந்து போகவில்லை. வந்தது வந்துவிட்டோம், நாலு வார்த்தை பேசிவிட்டுப் போகலாம் என்று உட்கார்ந்திருந்தார்கள். அவளும் அவர்களோடு தரையில் உட்கார்ந்துகொண்டாள். மருந்து எதுவும் சொல்லவில்லை. எப்போதிலிருந்து வலி, எந்த ஆஸ்பத்திரி, அங்கே என்ன சொன்னார்கள் என்று கேட்டாள். அடுத்த தடவை டாக்டரிடம் எதையெல்லாம் கேட்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினாள். வீட்டில் கேள்வி கேட்டால் தோளைக் குலுக்குகிற பெண்ணா இது என்று நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

கடைசியாக வந்தவர் ஜமால் பாய். பாகூரில் நோட்டுப் புத்தகக் கடை வைத்திருக்கிறார், அத்தானுக்கு நெடுநாள் சிநேகிதர். கூடவே மகள் சபீனா.

"அண்ணே, இவ ரெண்டாவது வாட்டி நீட்டு எழுதப் போறா. பாப்பாகிட்ட ரெண்டு வார்த்த கேட்டுக்கட்டும்னு இட்டாந்தேன்."

பெண்கள் இருவரையும் உள்ளறையில் விட்டுவிட்டு நாங்கள் வாசலில் நாற்காலி போட்டோம். ஜன்னல் திறந்திருந்தது. ஒட்டுக் கேட்டேன் என்று சொல்ல முடியாது, காதை மூடிக்கொள்ளவில்லை.

"நான் ரிப்பீட்டர் அக்கா" என்று சபீனா தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டாள், பெயரைச் சொல்கிற மாதிரி சாதாரணமாக.

"நானும் அப்படித்தான்னு எங்கப்பா சொல்றார்" என்றாள் என் மகள். இரண்டு பேரும் சிரித்தார்கள். பாய் என்னைப் பார்த்தார். நான் கடலூர் சாலையில் போன கரும்பு லாரியைப் பார்த்தேன்.

இலக்கியா தன் பாடங்களைப் பற்றிச் சொன்னாள். எதை எடுக்கலாம், எதைத் தள்ளலாம், எதற்காகக் காத்திருக்கிறாள் என்றெல்லாம். சபீனா நம்பாமல் திரும்பத் திரும்பக் கேட்டாள்.

"எந்தப் பாடம் வேணும்னு நீங்களேவா எடுத்துக்குவீங்க?"

"ஆமா."

"புடிச்சதுன்னு ஒரு பாடம் எடுக்கலாமா? மார்க்குக்கு இல்லாம?"

"எடுக்கலாம். ஆனா பயமா இருக்கும்."

"எங்களுக்கு எடுக்குறதுன்னா கேள்வித்தாள்ல ஏ, பி, சி, டி நாலுல ஒண்ணுதான் அக்கா" என்றாள் சபீனா. "எனக்கு அப்பிடி குடுத்தா நான் கண்ணை மட்டும் படிப்பேன். வருசம் பூரா கண்ணு."

கிளம்பும்போது சபீனா வண்டியில், வந்ததைவிட நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். பாய் கையை ஆட்டிவிட்டு வண்டியை எடுத்தார்.

4

அக்காவின் வலது காலைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அவளுக்கு யானைக்கால். கதிர் பிறந்ததற்கு அடுத்த வருடம் காய்ச்சலோடு தொடங்கியது. எங்கள் பக்கத்தில் அந்தக் காலத்தில் அது பல வீடுகளில் இருந்தது. இப்போது புதிதாக வருவதைப் பார்ப்பது அரிது, பழையவர்கள்தான் மிச்சம். எங்கள் வீட்டில் அதைப் பற்றி யாரும் பேசியதே இல்லை. அக்கா புடவையைத் தரையில் புரள விட்டுக் கட்டுவாள். கல்யாணப் படங்களில் நாற்காலிக்குப் பின்னால் நிற்பாள். நான் அவள் தம்பி, நானே அந்தக் காலை முழுசாகப் பார்த்ததில்லை.

காதுகுத்துக்கு முதல் நாள் காலை, நான் பல் துலக்கிக்கொண்டே வீட்டின் பின்பக்கம் போனேன். அங்கே குழாயடித் தடுப்புக்குள் அக்காவின் குரலும் இலக்கியாவின் குரலும் கேட்டன. தகரக் கதவு பாதி சாத்தியிருந்தது. நான் அப்படியே நின்றுவிட்டேன்.

"அத்தை, நான் பார்க்கலாமா?"

"இதப் போயி இன்னா பாக்குறது கண்ணு. அசிங்கம்."

"அசிங்கம் இல்லை அத்தை. நான் சின்னப் பிள்ளையா வந்தப்ப உங்க பக்கத்துலதான் படுத்தேன். அப்பவே பார்த்திருக்கேன்."

அக்கா செம்பில் தண்ணீர் மொண்டு ஊற்றும் சத்தம் வந்தது.

"ஆஸ்பத்திரியில சோப்பு, பேசின்லாம் குடுத்து எப்பிடி கழுவணும்னு சொல்லிக் குடுத்தாங்க. தெனம் கழுவச் சொன்னாங்க. நான்தான் யாராச்சும் பாத்துருவாங்கன்னு ரெண்டு மூணு நாளைக்கு ஒருக்கா கழுவுவேன்."

"தினமும் கழுவுங்க அத்தை. விரல் இடுக்குல ஈரம் இல்லாம துடைங்க. காய்ச்சல் வர்றது குறையும்."

"கழுவி இன்னா? உள்ள புழுவு இருக்குதே."

"இத்தனை வருஷத்துல அது செத்திருக்கும் அத்தை. பெரும்பாலும் அப்படித்தான். அது பண்ணின சேதம்தான் மிச்சம். எதுக்கும் டாக்டர்கிட்ட கேளுங்க."

"செத்துப்பூடுச்சா?" அக்காவின் குரல் உயர்ந்தது. "எப்ப செத்துச்சு? எங்கிட்ட யாரும் சொல்லவேயில்லியே!"

இலக்கியா சிரித்துவிட்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "எங்க கிளாஸ்ல ஒரு நாள் இந்த மாதிரி ஒரு காலோட படத்தைக் காட்டினாங்க அத்தை. எல்லாரும் முகத்தைத் திருப்பிக்கிட்டாங்க. எனக்கு உங்களைத் திட்டின மாதிரி இருந்துச்சு. அதான் இதைப் படிக்கணும்னு நினைச்சேன்."

பேனைப் படித்து டாக்டராகப் போகிறாயா என்று கத்தியவன் வாயில் பேஸ்ட் நுரையோடு அங்கே நின்றுகொண்டிருந்தேன். எனக்கு அழுகை வந்தது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, ஏன் அந்தப் பாடம் என்று நான் கேட்டிருக்கலாம்.

5

அன்று மாலையே அந்த மின்னஞ்சல் வந்தது. ஒட்டுண்ணியியல் வகுப்பில் ஓர் இடம் காலியாகிவிட்டது. ஒரு நாளைக்குள் ஏற்றுக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் அடுத்தவருக்குப் போய்விடும். ஏற்றுக்கொண்டால் இயற்பியல் போகும். இயற்பியல் வகுப்பு வருடத்துக்கு ஒரு தடவைதான் தொடங்கும். அதனால் எம்கேட் தள்ளிப் போகும், விண்ணப்பமும் தள்ளிப் போகும்.

இலக்கியா போனை என்னிடம் நீட்டினாள். படித்தேன். காலையில் அழுதவன்தான், ஆனாலும் பயம் சும்மா விடவில்லை. ஒரு வருடம் என்று ஆரம்பித்து அப்படியே விட்டுவிட்டால்? வேறு வேலைக்குப் போய்விட்டால்? "காலையில சொல்றேன்" என்றேன்.

கோமதியைக் கூப்பிட்டேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "பரீட்சை நீங்களா எழுதப் போறீங்க?" என்றாள்.

"இல்ல, ஒரு வருஷம்..."

"நீங்க அமெரிக்கா வந்து முதல் ஒரு வருஷம் என்ன பண்ணீங்க? வழி தெரியாம சுத்துனீங்க. அப்புறம் சரியாப் போயிடலையா?"

மறுநாள் கோயிலில் காது குத்தினார்கள். மாமன் மடியில் உட்கார்ந்து குழந்தை ஊரைக் கூட்டியது. மொட்டைத் தலையில் சந்தனத்தோடு அது தேம்பித் தேம்பி அடங்கியதும் பந்தி போட்டார்கள். எனக்கு இந்தப் பக்கம் ஜமால் பாய், அந்தப் பக்கம் கதிரின் மாமனார். எதிரில் சொந்தக்காரர்கள். பாதிச் சாப்பாட்டில் கதிரின் மாமனார் சத்தமாகக் கேட்டார்.

"பாப்பா எப்பங்க டாக்டரு ஆவும்? அடுத்த வருசம் சேந்துடுமா?"

பந்தியில் நாலைந்து தலைகள் என் பக்கம் திரும்பின. எந்தக் கேள்விக்குப் பயந்து ஒரு மாதமாக மகளோடு முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தேனோ, அதே கேள்வி சாம்பார் வாளியோடு வந்து எதிரில் நின்றது. மழுப்பியிருக்கலாம். ஆமாம் என்று தலையாட்டிவிட்டு அப்பளத்தை நொறுக்கியிருக்கலாம்.

"இல்லீங்க" என்றேன். "ஒரு வருசம் தள்ளிப் போவுது. நல்லா படிச்சிட்டு எழுதுறேன்னு சொல்லுது. அப்பவும் கெடைக்குமான்னு இப்ப சொல்ல முடியாது."

"அப்பிடியா" என்றார் அவர். "நெதானமா படிக்கட்டுமே. அவசரமா படிச்ச டாக்டருகிட்ட யாரு ஊசி போட்டுக்குறது?" என்று சொல்லிவிட்டு, பாயசத்துக்கு ஆளைக் கூப்பிட்டார்.

அவ்வளவுதான். ஒரு மாதமாக நான் சுமந்த பயம் இரண்டு வாய் சோற்றுக்குள் தீர்ந்துவிட்டது. பாய் என் பக்கம் சாய்ந்து, "எங்க வூட்லயும் ஒண்ணு கீதுண்ணே. ரெண்டுல யாரு முந்துதுன்னு பாப்போம்" என்றார்.

கை கழுவப் போனபோது இலக்கியா தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் போனோடு நின்றிருந்தாள். பந்தியில் பேசியது அவள் காதில் விழுந்திருந்தது. கண் கலங்கியிருந்தது, ஆனால் அதை நான் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"அப்பா, அழுத்தவா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த நாட்டுச் சட்டப்படி அவளுடைய கிரேடைக்கூட நான் கேட்க முடியாது. அவள் நேற்று மாலையே அந்தப் பொத்தானை அழுத்திவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம், எனக்குத் தெரிய வழியே இல்லை. இந்த ஊர்ப் பிள்ளையாகவும் இருந்துகொண்டு அந்த ஊர்ப் பிள்ளையாகவும் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று நான் யோசித்ததே இல்லை. கெடு முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது, அவள் எனக்காகக் காத்துக்கொண்டிருந்தாள்.

"அழுத்து" என்றேன். "அழுத்திட்டு வந்து சாப்பிடு. பாயசம் தீந்துடப் போவுது."

6

இப்போது இங்கே இலையுதிர் காலம் தொடங்கிவிட்டது. காலையில் ஏழு மணிக்குத் தொழிற்சாலை, மாலையில் புல் வெட்டுவது, ஞாயிற்றுக்கிழமை மாவு அரைப்பது என்று பழைய வாழ்க்கை. என் கணினி அட்டவணையில் ஒட்டுண்ணியியலுக்கு ஒரு வரிசை சேர்த்தேன், பிறகு அந்த அட்டவணையையே அழித்துவிட்டேன். உயிர்வேதியியலில் முதல் தேர்வு நன்றாக எழுதியிருப்பதாக அவளாகவே சொன்னாள். எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதற்குப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

இந்த வாரம் வந்த தொலைபேசி அழைப்புக்கு வருகிறேன். மதிய இடைவேளையில் இருந்தேன். ஆய்வகத்திலிருந்து வெளியே வந்த கையோடு அவள் கூப்பிட்டிருந்தாள். மூச்சு வாங்கியது.

"அப்பா, இன்னைக்கு மைக்ரோஸ்கோப்ல அதைப் பார்த்தேன். அத்தைக்கு வந்ததே, அந்தப் புழு. அதோட குஞ்சு. ரொம்ப அழகா இருந்துச்சுப்பா."

"அழகா!" என்றேன். என் குடும்பத்தையே முப்பது வருடம் வாட்டிய சனியன் அது. கோபம் வர வேண்டும். வரவில்லை, சிரிப்பு வந்தது. அவள் குரலில் இருந்த சந்தோஷம் அப்படி. ஆசைப்பட்ட பாடத்தைப் படிக்கிற பிள்ளை எப்படிப் பேசும் என்று அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கேட்டேன். இந்தப் பெண் டாக்டராகிவிடுவாள் என்று அப்போது நம்பினேன், ஆகாவிட்டாலும் பாழாகிவிட மாட்டாள் என்றும் நம்பினேன்.

மறுநாள் காலை வேலைக்குக் கிளம்புவதற்கு முன்னால் அக்காவைக் கூப்பிட்டேன். அங்கே சாயங்காலம். காலைத் தினமும் கழுவுகிறாளாம், இப்போது கதவைச் சாத்திக்கொள்வதில்லையாம். இலக்கியா பார்த்ததைச் சொன்னேன்.

"எப்பிடி இருக்குதாம் அது?" என்றாள் அக்கா.

"அதோட குஞ்சு நூல் துண்டு மாதிரி இருக்குதாம். அதுவும் பெருசாக்கிக் காட்டுற கண்ணாடி வெச்சுப் பாத்தாதான் தெரியுதாம். வெறும் கண்ணுக்குத் தெரியவே தெரியாதாம்."

 

"அவ்ளோதானா?" என்றாள் அக்கா. "கண்ணுக்கே தெரியாத ஒண்ணுக்கா நான் இம்மாம் வருசம் பொடவைய இழுத்து இழுத்து மூடிக்கினு இருந்தேன்?"